யூசுப் பாய்க்குச் சொந்தமான இரண்டு ஓடுகள்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சுமதி என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வீடு கட்டும் கூட்டுறவு சங்கத்தில் இப்போது அவர்தான் செயலாளர். சாம்பாரைப் பிசையும்போதே ஆரம்பித்துவிட்டார். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் திணறுகிறவர்களுக்கு அரசாங்கம் கை கொடுக்கப் போவதாக மறுபடியும் ஒரு பேச்சு அடிபடுகிறதாம். அலுவலகத்தில் ஆளுக்கொரு கட்சியாம். "எவரோ வாங்கின வீட்டுக் கடனுக்கு ஊரே ஏன் சார் வரி கட்டணும்? நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

ரசம் வரட்டும், சொல்கிறேன் என்றேன். ரசமும் வந்தது, மோரும் வந்தது, பதில் வரவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இரண்டு பக்கத்திலும் நின்று திட்டு வாங்கியவன் நான். எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் உத்திரமேரூரில் ஓவர்சியராகச் சேர்ந்தேன். எங்கள் பக்கமெல்லாம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வந்தவனை ஒரு பயிற்சி நிலையத்தில் உட்கார வைத்துக் கூட்டுறவுத் தத்துவம் சொல்லிக் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை அங்கேதான் கற்றேன். மற்றதெல்லாம் சைக்கிளும் தூக்குக் குண்டும் கையில் வந்த பிறகு கற்றது.

கடனை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்க மாட்டோம். மனையைச் சங்கத்துக்கு அடமானம் எழுதிப் பதிவு செய்த பிறகு அஸ்திவாரத்துக்கு ஒரு பாகம், சுவர் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வந்ததும் ஒரு பாகம், கூரைக்கு ஒரு பாகம். ஒவ்வொரு கட்டத்திலும் நான் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்பேன். காய்ந்த கலவையை ஆணியால் கீறிப் பார்ப்பேன். மூலையில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். மழையில் நனைந்து, மேஸ்திரியோடு சண்டை போட்டு, நான் தேற்றிய வீடுகள் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் வரைக்கும் நின்றன. அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாகக் காட்டுவேன்.

வேலையின் இன்னொரு பாதிதான் கசப்பு. தவணை நின்றுபோனால் நினைவூட்டு, பிறகு நோட்டீஸ், பிறகு வழக்கு, தீர்ப்பு, ஜப்தி, தண்டோரா, கடைசியில் வீட்டு வாசலிலேயே ஏலம். ஏலம் எந்த விலையில் ஆரம்பிக்க வேண்டும் என்று மதிப்புப் போட்டுக் கொடுப்பதும் ஓவர்சியர்தான். எந்தச் சுவரை நேராக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வந்தேனோ, அதே சுவரை அளந்து விலை குறிக்க வேண்டும்.

எங்கள் செயலாளர் தாமோதரன் சார். ஓரிக்கையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முழுக்கைச் சட்டை, கையில் ஒரு பித்தளைக் கூஜா. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் யாரும் கடன்காரர் என்று சொல்லக் கூடாது, 'பாக்கி வைத்த உறுப்பினர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட விதி. அவ்வளவையும் நீட்டி முழக்கிச் சொல்லி முடிப்பதற்குள் நமக்குப் பாதிக் கோபம் ஆறிவிடும். அதற்காகத்தான் அந்த விதி என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துப் புரிந்தது.

ஜப்திக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். அதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பியூன்களெல்லாம் சார் பிரதட்சணம் பண்ணுகிறார் என்று சிரிப்பார்கள். பின்பக்கம் சாணி தெளித்திருக்கிறதா, உடைந்த ஓட்டை மாற்றியிருக்கிறார்களா, சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வருவார். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஓடிப்போக மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

இன்னொரு பழக்கமும் உண்டு. நோட்டீஸ் போன வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எவ்வளவு வெயில் அடித்தாலும் கூஜாவைத் திறந்து தன் தண்ணீரைத்தான் குடிப்பார். ஊர்களில் இதைச் சாதித் திமிர் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு நாள் வாயை விட்டே கேட்டுவிட்டேன். "இன்னைக்கு அவங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, நாளைக்கு அந்த வாசல்ல எப்படி நின்னு தண்டோரா போடச் சொல்றது, ஏகாம்பரம்?" என்றார். 

இந்த வேலையில் எனக்கு விழுந்த முதல் அடி திருமுக்கூடல் பக்கம் ஒரு வீட்டில். மளிகைக் கடை வைத்து நொடித்துப்போன ஒருவருடைய வீடு. ஏலத்துக்கு ஊரே கூடியது. யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் அப்படி ஒரு வழக்கம். நிலமோ மாடோ ஏலத்துக்கு வந்தால் அடித்துப் பிடித்துக் கேட்பார்கள். ஆள் குடியிருந்து அடுப்பு எரிகிற வீட்டைக் கேட்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்தின் வயிற்றெரிச்சல் சாமான்களோடு சேர்ந்து தங்கள் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயம். கேட்பார் இல்லாமல் போனதால், விதிப்படி சங்கமே அந்த வீட்டை எடுத்துக்கொண்டது. அவர்கள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நாங்கள் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தோம்.

அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தேன். பூட்டு இருந்தது, கதவு இல்லை. நிலைக்கட்டையைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கூரை மரம் போய், சுவர் மேலே மழை இறங்கி, உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. நான் ஆணியால் கீறிப் பார்த்துத் தேற்றிய சுவர்.  திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். கடனையும் வசூல் பண்ணவில்லை, வீட்டையும் காப்பாற்றவில்லை, தண்டோராவுக்கும் காவலுக்கும் செலவு வேறு பண்ணியிருக்கிறோம் என்றார்.  அந்த நஷ்டமும் ஊர்ப் பணம்தான். அதை யாரும் வரி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வந்ததுதான் கன்னியப்பன் வீடு. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர், பஸ் போகும் சாலை ஓரத்திலேயே வீடு. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் கழனி. கன்னியப்பன் பேச்சே இல்லாத மனுஷன், எதைக் கேட்டாலும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார். பேச்செல்லாம் அவர் மனைவி தேசம்மாள்தான். வீடு கட்டும்போது கலவையில் மண் கூடிவிட்டது என்று நான் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மாளே மேஸ்திரியிடம் சொல்லிக் கலவையைக் கொட்ட வைத்தார். செங்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு. நான் தேற்றியதில் நல்ல வீடு என்று அதைத்தான் சொல்வேன்.

பிறகு ஏரி காய்ந்தது. அடுத்த வருஷமும் காய்ந்தது. சம்பாப் பயிர் போயிற்று, அதற்கடுத்துப் போடும் நவரையைப் பற்றிப் பேச்சே இல்லை. தவணை நின்றது. நோட்டீஸ், வழக்கு, தீர்ப்பு என்று எல்லாம் வரிசையாக நடந்து, ஏலத்துக்கு நாள் குறித்தார்கள். மதிப்புப் போட நான்தான் போனேன். தேசம்மாள் அளக்கும் நாடாவின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். 

ஏலத்தன்று நாங்கள் போய் இறங்கியபோது அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு புகை. தேசம்மாள் ஈர விறகாகப் பார்த்து அடுப்பில் வைத்திருந்தார். அடுப்பு எரிகிறது என்று தெரு முனையில் நிற்பவருக்கும் தெரிய வேண்டுமல்லவா? இருமிக்கொண்டே வெளியில் வந்து வாசலில் நின்றார். தாமோதரன் சார் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி, வீட்டைச் சுற்றி வந்தார். சொம்பில் தண்ணீரோடு தேசம்மாள் எதிரில் வந்தார். சார் தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

"எங்க வூட்டுத் தண்ணி ஐயாவுக்கு ஆவாது போல கீது," என்றார் அந்த அம்மாள், ஊர் கேட்கும்படி.

சார் முகம் சிவந்துவிட்டது.  ஏலம் கூறினார்கள். ஒருவரும் கேட்கவில்லை. இப்போது சங்கத்தின் பேரில் சார் கேட்க வேண்டும். அவர் புகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தத் திருமுக்கூடல் வீட்டு ஆடுகள்தான் கண்ணில் நின்றன என்று நினைக்கிறேன். கேட்பார் இல்லாததால் ஏலம் ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதச் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அதிகாரத்துக்குள் அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். கத்தி இன்னும் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மழை பொய்த்த ஊர்களில் பாக்கி வைத்த உறுப்பினர்களின் அபராத வட்டியை மட்டும் அரசு ஏற்கலாம், ஆனால் சங்கத்தின் பேரவை கூடி ஒப்புக்கொண்டால்தான் என்று இருந்தது. அபராத வட்டி மட்டும் என்ற வார்த்தை எங்கள் அலுவலக வாசலைத் தாண்டவே இல்லை. டீக்கடைக்குப் போய்ச் சேரும்போது கடனே ரத்து என்று ஆகிவிட்டது. ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த வாத்தியார்கள்கூட அந்த மாதம் கட்டவில்லை. கட்டினால் ஏமாளி என்று பேச்சு. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தொண்டை வறள விளக்கம் சொன்னேன். அந்த மாதம் முழுக்க, உதவியாவது மண்ணாங்கட்டியாவது, கொடுத்த கடனைக் கறாராக வாங்கினால் போதும் என்றுதான் நானும் பேசிக்கொண்டிருந்தேன். சுமதியின் அலுவலகத்தில் உதவி கூடாது என்கிற கட்சிக்கு இதை நான் சொல்லியாக வேண்டும். அவர்கள் பயப்படுவது வீண் பயம் இல்லை.

இந்த விஷயத்தில் எல்லோரையும் விடக் கோபமாக இருந்தவர் யூசுப் பாய். எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் இரும்புக் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், சிமென்ட், ஓடு எல்லாம் அவரிடம்தான். கடைக்குப் பின்னால் வீடு கட்ட எங்களிடம் கடன் வாங்கியிருந்தார். ஒரு தவணை தவறியதில்லை. வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆன வருஷம் மோட்டார் சைக்கிளை விற்றுத் தவணை கட்டினார். அதற்கப்புறம் கடைக்குச் சரக்கு எடுக்கப் பஸ்ஸில்தான் போய்வந்தார்.

பேரவைக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சாதாரணமாக எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காராபூந்திக்காக வருகிறவர்கள். அன்றைக்கு ஹால் நிரம்பி ஜன்னலிலும் தலைகள். சார் சுற்றறிக்கையை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பாய் எழுந்தார்.

"என் கடையில ஆணி வாங்கறவன் மேல்கொண்டு வரி குடுத்துட்டுப் போறான். அத்த சேத்து வச்சி நான்தான் கொண்டு போய் கட்டிக்கினு வரேன். யாரு அவன்? குடிசைக்கு ஆணி அடிக்கறவன். அவனுக்கு வூடே கிடையாது. அவன் காச எடுத்து, வூடு கீறவனுக்கு வட்டி கட்டணுமா? ஞாயத்த நீங்களே சொல்லுங்க."

 அதுவரை அரசாங்கப் பணம் என்று எங்கோ மெட்ராஸில் கொட்டிக் கிடப்பதைப் போலப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குக் கையில் ஆணிப் பொட்டலத்தோடு ஒரு மனுஷன் கண் முன்னால் வந்து நின்றுவிட்டான்.  உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்விக்கு முழுப் பதில் இன்றைக்கும் என்னிடம் இல்லை.

வாசற்படி ஓரமாக நின்றிருந்த தேசம்மாள் உள்ளே வந்தார். உறுப்பினர் கன்னியப்பன்தான், அந்த அம்மாள் பேச விதி கிடையாது. யாரோ அதைச் சொல்ல வாயெடுத்தார்கள். தாமோதரன் சார் அவர்களைக் கையமர்த்தினார்.

"பாய் சொல்றது ஞாயம்தான். இனாம் எங்களுக்கு வாணாம். வாங்கினத வட்டியோட கட்றோம். ஆனா மாசா மாசம் குடு, மாசா மாசம் குடுன்றீங்களே, மாசா மாசம் நெல்லு வெளையற கயனி எங்க கீது, சொல்லுங்க. அங்க போயி பயிர் வெக்கறோம்."

ஜன்னலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. சாரைப் பார்த்துத் திரும்பி, இவர்கள் அறுப்பு முடிந்து கொண்டுவந்து கட்டுகிற பணத்தை எதில் வரவு வைக்கிறீர்கள் என்று கேட்டார். சார் ஒளிக்காமல் சொன்னார். மாதத் தவணை என்பது சம்பளக்காரர்களை மனதில் வைத்துப் போட்ட விதி. இடையில் கட்டாத மாதங்களுக்கு அபராத வட்டி ஏறும். அறுப்பு முடிந்து வரும் பணம் முதலில் அந்த அபராதத்துக்குப் போகும், பிறகு வட்டிக்கு, மிச்சம் இருந்தால்தான் அசலுக்கு. விளைச்சல் நன்றாக இருந்த வருஷத்திலும் கன்னியப்பனின் அசல் கொஞ்சமும் குறையவில்லை என்றார்.

பாய் உட்காராமல் யோசித்துக்கொண்டே நின்றார். எனக்குத் தினமும் கடையில் காசு புழங்குகிறது, இவர்களுக்கு எப்போதோ ஒரு தரம், இரண்டு பேருக்கும் ஒரே தேதியா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"அப்ப இது மய பெய்யலன்னு போட்ட அபராதம். அத்த சர்க்கார் ஏத்துக்கட்டும், நான் ஒத்துக்கறேன். அசலும் வட்டியும் அவங்க கட்டணும், அறுப்புக்கு அறுப்பு கட்டட்டும். தவறாம கட்னவனுக்கும் இன்னாவாச்சும் தள்ளுபடி குடுங்க, அவன் பைத்தியக்காரன் இல்ல. இன்னொண்ணு. இந்தத் தையில கட்டல, ஏலத்துல நான் கேப்பேன். அடுப்பு எரிஞ்சாலும் கேப்பேன்."

"கேளு பாய்," என்றார் தேசம்மாள்.

தீர்மானம் அப்படியே நிறைவேறியது. அன்றைக்கு மீந்த காராபூந்தியை யாரும் மடித்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவு மும்முரமாகப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். எனக்கு மட்டும் பயம் விடவில்லை. ஊரில் யாரும் அந்த வீட்டைக் கேட்க மாட்டார்கள் என்பதுதான் இதுவரை தேசம்மாளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. பாய் கேட்பார். கையில் பணம் இருக்கிறது, வார்த்தை தவறாத மனுஷன். இந்த முறை தை தவறினால் வீடு போய்விடும்.

ஐப்பசி பிறந்தது. ஏரியில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது ஓவர்சியர் வேலை இல்லை. இருந்தாலும் சாலவாக்கம் பக்கம் எனக்கு அடிக்கடி ஏதாவது வேலை இருந்தது. மழை பெய்தால் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பேன். திரும்பி வரும்போது பாய் கடை வாசலிலிருந்தே ஏரி எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். முதல் மழையில் தரை நனைந்தது என்றேன். பிறகு கால்வாசி என்றேன். கார்த்திகையில் மதகு முங்கிவிட்டது என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். வீட்டின் மேல் கண் வைத்துவிட்டாரோ, நீர்மட்டத்தைக் கேட்டுக் கணக்குப் போடுகிறாரோ என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. இரண்டு வாரம் அவர் கடைப் பக்கம் திரும்பாமல் போனேன்.

தை மாதம் பிறந்து ஒரு நாள் காலையில் நான் அலுவலகத்துக்கு வந்தபோது வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மாட்டு வண்டி. வண்டி நிறைய நெல் மூட்டை. சில மூட்டைகளை இறக்கி எங்கள் படியிலேயே சாய்த்து வைத்திருந்தார் கன்னியப்பன். தேசம்மாள் ஒரு மண் குடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காவலுக்கு நிற்பதைப் போல நின்றார்.

ஊரில் நெல் வியாபாரி ஒருவரிடம் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அவர் களத்து மேட்டிலேயே ஆளை நிறுத்தி, தூற்றத் தூற்ற அளந்துகொண்டு போய்விடுவாராம். வருஷா வருஷம் அப்படித்தான் முதல் நெல் போய்விடும், சங்கத்துக்கு மிச்சம் மீதிதான். இந்த முறை தேசம்மாள் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டார். அடுத்த கழனி அறுத்து உனக்கு, முதல் நெல் வீட்டுக்கு என்று. வீட்டுக் கடனுக்கு என்று சொன்ன நெல் வீட்டுக்குப் போனால் அது மறுபடி வியாபாரி கைக்குத்தான் போகும். அதனால் களத்திலிருந்து நேராக எங்கள் அலுவலகத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பஸ் வந்தது. தாமோதரன் சார் கூஜாவோடு இறங்கி வந்து மூட்டைகளைப் பார்த்தார். சங்கத்தில் நெல் வாங்க விதியே இல்லையே என்றார். கன்னியப்பன் துண்டை இறுக்கிக் கட்டினார். அந்த மனுஷன் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நெல்லு வரச்சே குடுன்னுதானே ஐயா சொன்னீங்க."

சார் கூஜாவைக் கை மாற்றிக்கொண்டார். மாட்டை அவிழ்க்கவா, திரும்ப ஓட்டவா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எதிர்ச் சாரியில் எல்லாக் கடைக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். யூசுப் பாய் மட்டும் கடையை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி வந்தார். ஒரு மூட்டையைப் பிரித்து, கை நிறைய நெல்லை அள்ளி, பல்லில் கடித்துப் பார்த்தார். விலை பேச வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ நேரே மண்டிக்குப் போய் ஆளையும் தராசையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஈரம் என்று சொல்லி எடையில் கழிக்கப் பார்த்த மண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டார். தானே கடித்துப் பார்த்த நெல், காய்ந்து சலங்கையாக இருக்கிறது, யாரிடம் கதை விடுகிறாய் என்று அந்தத் தெருவே கேட்கும்படி சண்டை. தன் சரக்குக்குக்கூட அவர் அப்படி வாதாடி நான் பார்த்ததில்லை. மழைக்காலம் முழுக்க ஏரியைப் பற்றி ஏன் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூட்டைகள் போகிற வரைக்கும் தாமோதரன் சார் உள்ளே போகவில்லை. மீதி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பெஞ்சைப் போட்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். பணம் வந்தது. தவணை வரவாயிற்று. அவரே எழுந்து போய் ரசீதில் கையெழுத்துப் போட்டு, கொண்டுவந்து கன்னியப்பன் கையில் கொடுத்தார். ஏல உத்தரவு அன்றோடு ரத்து, வீட்டின் மேல் இனி நோட்டீஸ் எதுவும் இல்லை என்று இரண்டு பேரிடமும் நிறுத்திச் சொன்னார். பிறகு தேசம்மாளின் கக்கத்திலிருந்த குடத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, தண்ணி கீதா?"

அவர் வாயிலிருந்து 'கீதா' என்கிற அந்த ஊர்ப் பேச்சை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவருடைய கூஜா அவர் காலடியில், மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. தேசம்மாள் கூஜாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஏலத்தன்று தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு குடத்தைச் சாய்த்து ஊற்றினார். சார் இரண்டு கையையும் குவித்து, முழுக்கைச் சட்டையெல்லாம் நனைய நனையக் குடித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாட்டுக்கு வைக்கோல் போடப் போகிறவனைப் போல வண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அறுப்புத் தவணையை எல்லாச் சாகுபடிக்கார உறுப்பினர்களுக்கும் கொடுக்கச் சொல்லி சார் மேலிடத்துக்கு எழுதினார். கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் அனுமதி வந்தது. எல்லோரும் கட்டிவிட்டார்கள் என்று கதை சொல்ல மாட்டேன். அறுப்புக்கும் கட்டாமல் ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், அந்த வீடுகள் ஏலத்துக்குப் போயின. ஆனால் மதிப்புப் போட நான் போக வேண்டியிருந்த வீடுகள் முன்பைவிடப் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. சுமதி, என் பதில் இவ்வளவுதான். கொடுக்கலாம். ஆனால் யார் காசை எடுத்துக் கொடுக்கிறோமோ, அவர்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் பக்கத்து நியாயத்தையும் அதே ஹாலில் கேட்க வேண்டும்.

கன்னியப்பன் கடன் அடைந்து பத்திரம் திரும்பிய பிறகும் பாய் அந்த வீட்டை விடவில்லை. சாலவாக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வீடு வந்ததும் பக்கத்து ஆளிடம் காட்டுவார். அந்தக் கூரையில் என் வரிப் பணத்துக்கு இரண்டு ஓடாவது வரும், அது என்னுது என்பார். கண்டக்டர்கள் கேலி பண்ணிப் பண்ணி, அது தேசம்மாள் காதுக்கும் போய்விட்டது.

ஒரு மழைக்காலத்தில் தேசம்மாள் உர மூட்டை வாங்க உத்திரமேரூருக்கு வந்தவர், பாய் கடை வாசலில் நின்று கூப்பிட்டார். நான் அப்போது கடைக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பாய், உன்னுது ரெண்டு ஓடு ஒயுகுது. வந்து மாத்திட்டுப் போ."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். பாய் சிரிக்காமல் எழுந்து போய், நல்ல ஓடாகத் தட்டிப் பார்த்து இரண்டு எடுத்தார். சாக்கில் சுற்றிக் கட்டினார். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு. கன்னியப்பன் ஏணியைச் சாத்தினார், நான் பிடித்துக்கொண்டேன். அந்த வயதில் பாய் தானே ஏறி, பழைய ஓட்டை எடுத்துப் புதியதைப் பொருத்தினார். இறங்கியதும் ஓட்டுக்குக் காசு எடுக்கத் தேசம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பாய் கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டே, முடிச்சைத் திரும்பப் போடச் சொன்னார்.

"நம்ம கூரைக்கு நாமளே காசு வாங்கறதா?"